ரீசைக்கிள் பின்னுக்கே போகாத ஃபைல்கள்

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை டெலீட் செய்தால் அது உடனே மாயமாகிவிடாது. ரீசைக்கிள் பின் என்ற குப்பைத்தொட்டியில் போய் உட்கார்ந்திருக்கும். பேத்தியின் பிறந்தநாள் போட்டோவைத் தெரியாமல் அழித்துவிட்ட தாத்தாவும், ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டிய கணக்கை அழித்துவிட்ட கடைக்காரரும் அந்தத் தொட்டியைக் கிளறி எடுத்துவிடுவார்கள். விண்டோஸ் 95 வந்த நாளிலிருந்து இந்தப் பழக்கம் நமக்கு இருக்கிறது. 'அழித்தாலும் தொட்டியில் இருக்கும்' என்பது பால் பொங்கினால் அடுப்பை அணைப்பது மாதிரி யோசிக்காமலே வருகிற நம்பிக்கை.

அந்த நம்பிக்கையோடுதான் 2017-ம் ஆண்டில் ஒரு புரோகிராமர் ஒரு பட்டனை அழுத்தினார். மூன்று மாத உழைப்பு, சுமார் 5,000 ஃபைல்கள். அழுத்திய சில நொடிகளில் ஃபோல்டர் காலி. பதறிப்போய் ரீசைக்கிள் பின்னைத் திறந்தார். அங்கே ஒன்றுமே இல்லை.

அவர் பயன்படுத்தியது மைக்ரோசாஃப்ட்டின் 'விஷுவல் ஸ்டூடியோ கோட்'. சுருக்கமாக வி.எஸ். கோட். 2015-ல் வந்தது, இலவசம். இன்றைக்கு எந்த இன்ஜினீயரிங் கல்லூரி லேபுக்குள் எட்டிப் பார்த்தாலும் பாதி ஸ்கிரீனில் இதுதான் திறந்திருக்கும். உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளை இருந்தால், கறுப்பு ஸ்கிரீனில் கலர் கலராக எழுத்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது இதுவாகத்தான் இருக்கும்.

நடந்தது என்னவென்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கும் இது புரியும். செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கடையில் பில் போடுவதைப் பார்த்திருந்தாலே போதும்.

மண்டியில் பில் புக்குக்குள் ஒரு கார்பன் தாள் இருக்கும். மேலே எழுதுவது அடியிலும் பதியும். வாடிக்கையாளர் பில்லைத் தொலைத்துவிட்டால் அடிக்கட்டையைப் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். புரோகிராம் எழுதுபவர்களுக்கும் இப்படி ஓர் அடிக்கட்டை உண்டு. 'கிட்' என்று பெயர். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. எழுதும் புரோகிராமை அவ்வப்போது கிட்டில் பதிந்து வைத்துக்கொண்டால், நாளைக்குக் குழப்பம் வந்தாலும் நேற்றைய பதிவுக்குத் திரும்பிவிடலாம். 'டிஸ்கார்ட் சேஞ்சஸ்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. கடைசியாகப் பதிந்த பிறகு செய்த மாற்றங்களைத் தள்ளிவிட்டு, பழைய பதிவுக்குப் போ என்று அதற்கு அர்த்தம்.

இவர் விஷயத்தில் சிக்கல் இங்கேதான். அவருடைய ஃபோல்டரில் பதிவு என்று ஒன்று நடந்ததே இல்லை. மூன்று மாதம் எழுதியதெல்லாம் கார்பன் வைக்காமல் எழுதிய பில். வி.எஸ். கோடில் கிட் வசதியை அன்றைக்குத்தான் தொட்டுப் பார்த்தார். அது அவருடைய 5,000 ஃபைல்களையும் 'மாற்றங்கள்' என்று பட்டியல் போட்டுக் காட்டியது. நான் ஒன்றையும் மாற்றவில்லையே, இந்தப் பட்டியல் எனக்கு வேண்டாம் என்று அவர் நினைத்தார். 'எல்லா மாற்றங்களையும் டிஸ்கார்ட் செய்' என்பதை அழுத்தினார். கம்ப்யூட்டர் கணக்குப்படி, கடைசிப் பதிவுக்குத் திரும்ப வேண்டும். கடைசிப் பதிவோ பூஜ்யம். பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கிட்டைத் தனியாகப் பயன்படுத்தினால், தனக்குத் தெரிந்த ஃபைலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ஒரு கட்டளை. தனக்குத் தெரியாத புது ஃபைல்களைப் பெருக்கித் தள்ளுவது வேறொரு கட்டளை. இரண்டாவது ஆபத்தானது என்பதால் அதைத் தனியாகவே வைத்திருக்கிறார்கள். வி.எஸ். கோடின் அந்தப் பட்டன் இரண்டையும் சேர்த்துச் செய்தது. வசதிக்காகத்தான் செய்தார்கள். ஒரே சுவிட்சில் லைட்டும் மோட்டாரும் போட்டுவிட்ட மாதிரி.

எச்சரிக்கை வராமல் இல்லை. 'நிச்சயமாகவா? இதைத் திரும்பப் பெற முடியாது' என்கிற மாதிரி ஒரு பெட்டி வந்தது. ஆனால் 'ஃபைல்கள் அழிக்கப்படும்' என்ற வார்த்தை அதில் இல்லை. மாற்றங்களைத் தள்ளுவதற்குத்தான் சம்மதம் கேட்டது. அவரும் மாற்றங்களைத் தள்ளத்தான் சம்மதித்தார்.

விஷயம் வெளியே வந்ததும் புரோகிராமர்கள் இரண்டு கட்சி ஆனார்கள். மூன்று மாத வேலையை இன்னொரு இடத்தில் காப்பி எடுத்து வைக்காமல் இருந்தது யார் குற்றம் என்று ஒரு கட்சி. பட்டனில் ஒன்றை எழுதிவிட்டு உள்ளே வேறொன்றைச் செய்தால் அது யார் குற்றம் என்று இன்னொரு கட்சி. என்னைக் கேட்டால் இரண்டாவது கட்சிக்கே ஓட்டு. காரணம், மைக்ரோசாஃப்ட்டே பிறகு அந்தப் பெட்டியின் வாசகத்தை மாற்றியது. மாற்றிய வாசகம் 'டெலீட்' என்று பெரிய எழுத்தில் சொல்லி, தொடர்ந்தால் ஃபைல் நிரந்தரமாகப் போய்விடும் என்றும் சொன்னது. வாசகம் முதலிலேயே சரியாக இருந்திருந்தால் மாற்ற வேண்டிய தேவை என்ன?

தமிழில் இந்தச் சங்கடம் இன்னும் பெரிது. 'நீக்கு' என்று ஒரு பட்டன் இருந்தால், பட்டியலிலிருந்து மட்டும் நீக்குமா, உலகத்தைவிட்டே நீக்குமா? 'ரத்து செய்யலாமா?' என்று கேட்டுவிட்டு, கீழே 'ரத்து', 'சரி' என்று இரண்டு பட்டன் வைத்தால் எதை அழுத்துவது? தமிழில் ஆப் செய்கிறோம் என்று கிளம்பியிருக்கும் நம் ஊர்த் தம்பிகள் இந்த ஓர் இடத்தில் மட்டும் தயவுசெய்து இரண்டு நிமிடம் கூடுதலாக யோசியுங்கள். 'அழித்துவிடு' என்று நாலு பேருக்குப் புரிகிற மாதிரி எழுதுவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

இந்த வாரம் இதை எழுதக் காரணம், ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி அனுப்பிய மெயில். கல்லூரியில் ஃபைனல் இயர் பிராஜெக்ட் ரிவ்யூ நடக்கிற காலம். மகன் இரண்டு மாதமாக எழுதிய பிராஜெக்ட் ஒரு க்ளிக்கில் போய்விட்டதாம். எந்த சாஃப்ட்வேர் என்று அவர் எழுதவில்லை. 'பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவங்க அப்பா, கவனம் இல்லாமல் செல்லை நோண்டிக்கொண்டே வேலை பார்த்திருப்பான் என்று திட்டுகிறார். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இது உண்மையிலேயே கவனக்குறைவால்தான் நடக்குமா?' என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். கவனமாக இருந்தவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கும் நடந்திருக்கிறது. இரண்டு கதை சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகம். அங்கே விஞ்ஞானிகளுக்கென்று ஒரு சூப்பர் கம்ப்யூட்டர். 2021 டிசம்பர் 14-லிருந்து 16-க்குள், அதன் சேமிப்பிலிருந்து 77 டெராபைட் அளவு ஆராய்ச்சித் தரவு அழிந்துபோனது. சுமார் 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள். 14 ஆராய்ச்சிக் குழுக்களுக்குப் பாதிப்பு. அதில் 4 குழுக்களின் தரவைத் திரும்பப் பெற வழியே இல்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.

காரணம் என்ன தெரியுமா? பத்து நாளுக்கு மேல் ஆன பழைய குறிப்பு ஃபைல்களைத் துடைத்துப்போட ஒரு சின்னப் புரோகிராம் வைத்திருந்தார்கள். வாசல் கூட்டுகிற வேலை. அந்த சிஸ்டத்தைப் பராமரித்த ஹெச்.பி.இ. நிறுவனம் அந்தப் புரோகிராமைத் திருத்தி எழுதியது. படிக்கிறவர்களுக்கு எளிதாகப் புரியட்டும் என்று அதில் வரும் பெயர்களையும் மாற்றியது. நல்ல எண்ணம்தான். ஆனால் பழைய புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதியதைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இந்த வகைப் புரோகிராமைக் கம்ப்யூட்டர் முழுசாகப் படித்துவிட்டு ஓட்டாது. கொஞ்சம் படிக்கும், செய்யும், இன்னும் கொஞ்சம் படிக்கும். சமையல் குறிப்பைப் பார்த்து நீங்கள் சாம்பார் வைத்துக்கொண்டிருக்கும்போது யாரோ பாதியில் பக்கத்தைத் திருப்பிவைத்தால் என்ன ஆகும்? எந்த ஃபோல்டரில் அழிக்க வேண்டும் என்று சொல்கிற இடம் காலியாகிவிட்டது. காலி என்றால் எல்லாம் என்று ஆகிவிட்டது. நிறுவனம் முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்று எழுதிக் கொடுத்தது.

அதே 'காலி என்றால் எல்லாம்' கூத்து 2015 ஜனவரியிலும் நடந்தது. 'ஸ்டீம்' என்ற வீடியோ கேம் மென்பொருள். லினக்ஸ் கம்ப்யூட்டரில் அதன் ஃபோல்டரை வேறிடத்துக்கு மாற்றி வைத்த ஒருவர் ஸ்டீமைத் திறந்தார். தன் ஃபோல்டர் எங்கே என்று தேடிய புரோகிராமுக்குப் பதில் கிடைக்கவில்லை. 'இந்த ஃபோல்டருக்குள் இருப்பதை அழி' என்ற வரியில் ஃபோல்டர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையானது. கம்ப்யூட்டரின் உச்சியிலிருந்து தொடங்கி, அவருக்குச் சொந்தமான எல்லாவற்றையும் அழித்தது. இதில் சுவாரஸ்யம், அந்த வரியை எழுதியவர் பக்கத்திலேயே 'பயமாக இருக்கிறது!' என்ற பொருளில் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார். பயந்தவர் கையோடு அதைச் சரி செய்திருக்கலாம்.

அந்த மனிதர் காப்பி எடுத்து வைக்காதவரும் இல்லை. 3 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். ஆனால் அன்றைக்கு அந்த டிஸ்க்கும் கம்ப்யூட்டரில் சொருகியே இருந்தது. சேர்ந்தே போய்விட்டது. கம்ப்யூட்டரோடு சொருகியே இருப்பது காப்பி இல்லை. அதே பீரோவின் இன்னொரு தட்டு, அவ்வளவுதான். இலங்கை அரசாங்கமே இந்தப் பாடத்தை 2023-ல் படித்தது. அங்கே நடந்தது மென்பொருள் பிழை இல்லை, ரான்சம்வேர் தாக்குதல். ஆனால் அரசு அலுவலக மெயில்களும் அவற்றின் காப்பியும் ஒன்றாகவே மாட்டிக்கொண்டன. அந்த வருஷம் மே 17-லிருந்து ஆகஸ்ட் 26 வரை உள்ள மெயில்கள் போனது போனதுதான்.

இனி கவனத்தைப் பற்றி. நம் நாமக்கல் லாரிக்காரர்களிடம் கேட்டால் ஒரு விஷயம் சொல்வார்கள். வண்டி லைனுக்குக் கிளம்பும் முன் ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். நாக்பூர் தாண்டி நடுக்காட்டில் டயர் வெடித்து, ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதுவும் சப்பையாக இருந்தால் என்ன செய்வது?

கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று இரவு நடந்தது இதுதான். உலகம் முழுக்கப் புரோகிராமர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் இடம் அது. டேட்டாபேஸ் சிக்கல் ஒன்றைச் சரி செய்ய ஓர் இன்ஜினீயர் ராத்திரி வெகுநேரம் போராடிக்கொண்டிருந்தார். இரண்டு சர்வர்கள். ஒன்று அசல், இன்னொன்று அதன் நகல். நகலில் இருக்கும் பழைய ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று கட்டளை கொடுத்தார். ஓரிரு நொடியில் பொறி தட்டியது. தான் நிற்பது நகலில் இல்லை, அசலில். உடனே நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிச்சம் இருந்தது 4.5 ஜிபி.

பதற்றப்பட வேண்டாம், நம்மிடம்தான் ஐந்து விதமான காப்பி ஏற்பாடு இருக்கிறதே என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். ஒன்று, தினமும் காப்பி எடுத்து அமேசான் சேமிப்புக்கு அனுப்பும் ஏற்பாடு. அங்கே ஃபோல்டர் காலி. காப்பி எடுக்கும் கருவியின் வெர்ஷனும் டேட்டாபேஸின் வெர்ஷனும் ஒத்துப்போகாததால் தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றால் தகவல் மெயில் வர வேண்டுமே? மெயிலும் கிளம்பியிருக்கிறது. சரியான கையொப்பம் இல்லாத மெயில் என்று சர்வர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. யாருக்கும் தெரியாது. ஐந்து ஸ்டெப்னி, ஐந்தும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

அவர்களைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம்தான். ஆறு மணி நேரத்துக்கு முன்னால், வேறொரு சோதனைக்காகத் தற்செயலாக ஒரு காப்பி எடுத்திருந்தார்கள். அதை வைத்து 18 மணி நேரம் போராடித் தளத்தை எழுப்பினார்கள். இடையில் உள்ள ஆறு மணி நேரத்தில் பதிவான, ஏறத்தாழ 5,000 பிராஜெக்ட்டுகளின் விவரம், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் போய்விட்டன. புரோகிராம்கள் வேறிடத்தில் இருந்ததால் அவை பிழைத்தன.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அடுத்து வரும் பகுதி. கிட்லேப் மூடி மறைக்கவில்லை. என்ன போயிற்று, எப்படிப் போயிற்று, எந்தெந்தக் காப்பி ஏன் வேலை செய்யவில்லை என்று நேரத்தோடு நேரம் எழுதிப் பொதுவில் வைத்தார்கள். மீட்கிற வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். கட்டளை கொடுத்த இன்ஜினீயரை வேலையைவிட்டுத் தூக்கவில்லை. பிறகு வெளியிட்ட விரிவான அறிக்கையில் அவரை 'குழு உறுப்பினர் 1' என்று மட்டும் குறிப்பிட்டார்கள். ஒரு விரல் தவறாக அழுத்தினால் இத்தனை பெரிய சேதம் வருகிற மாதிரி சிஸ்டத்தைக் கட்டி வைத்தது எங்கள் எல்லோருடைய தவறு என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம்.

நம் பக்கம் அப்படியா? ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம் என்று பக்கத்துக்குப் பக்கம் இன்ஜினீயரிங் கல்லூரி. படித்து முடித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து பெங்களூர் போகிறார்கள். சேலம் ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் பூங்காவில் வேலை கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். இந்தப் பிள்ளைகளுக்கு முதல் வருஷ வேலையில் இருக்கும் பெரிய பயமே, நம்மால் ஏதாவது உடைந்துவிடுமோ என்பதுதான். உடைந்தால் சொல்லப் பயம். சொல்லாமல் அரை மணி நேரம் தாமதித்தால் மீட்க முடிந்ததும் மீட்க முடியாமல் போகும். வீட்டில் தட்டு உடைந்தால் 'யாருடா அது?' என்று முதலில் கத்துகிற வீட்டில், அடுத்த தடவை உடைந்த துண்டுகள் சத்தமில்லாமல் சோபாவுக்கு அடியில் போகும். இது அப்பாக்களுக்காகச் சொன்னது.

கார்ட்டூன் படங்கள் எடுக்கும் பிக்ஸார் நிறுவனம் 1998-ல் 'டாய் ஸ்டோரி 2' தயாரித்துக்கொண்டிருந்தபோது இதே கட்டளையை யாரோ தவறான இடத்தில் கொடுத்துவிட்டார்கள். வேலை செய்துகொண்டிருந்தவர்களின் கண்ணெதிரே கதாநாயகன் வுட்டியின் தொப்பி காணாமல் போனது, பூட்ஸ் போனது, கடைசியில் வுட்டியே போனான். படத்தின் 90 சதவீதம் அழிந்துவிட்டது. காப்பியை எடுத்துப் பார்த்தால், அது ஒரு மாதமாகச் சரியாக ஓடவில்லை. அப்போது தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த கேலின் சஸ்மன் என்ற பெண் சொன்னார்: எனக்குக் குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், என் வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் இருக்கிறதே! காரில் போய், அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது. பிக்ஸார் தலைவர்களில் ஒருவரான எட் கேட்மல் பிற்பாடு எழுதிய புத்தகத்தில், கட்டளை கொடுத்தது யார் என்று தேடவே இல்லை என்கிறார். தேடி என்ன ஆகப்போகிறது?

சரி, ராசிபுரம் அம்மாவுக்கும், இதே நிலைமையில் இருக்கும் மற்றவர்களுக்கும் முதலுதவி. ஃபைல் போனது தெரிந்த நொடியில் அந்தக் கம்ப்யூட்டரில் வேறு எதையும் சேமிக்காதீர்கள். புதிதாக மென்பொருள் இறக்காதீர்கள், படம் டவுன்லோடு செய்யாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், அழித்த ஃபைல் உடனே போய்விடாது. 'இந்த இடம் காலி' என்று போர்டு மட்டும் மாட்டப்படும். அந்த இடத்தில் புதியது வந்து உட்காரும்வரை மீட்பு மென்பொருள்களால் எடுக்க வாய்ப்பு உண்டு. 'போட்டோரெக்' என்பது இலவசம். பெயரைப் பார்த்து போட்டோவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், மற்ற வகை ஃபைல்களையும் எடுக்கும். அதை வேறு கம்ப்யூட்டரில் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வந்து ஓட்டுங்கள். மீட்ட ஃபைல்களையும் அந்த டிஸ்க்கிலேயே சேமிக்காதீர்கள். புது லேப்டாப்களில் இருக்கும் எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க் அப்படி இல்லை. காலியான இடத்தை அது தானே சீக்கிரம் துடைத்துவிடும். வாய்ப்பு குறைவு. பொய் நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை.

ஆனால் உங்கள் பையன் எழுதியது வி.எஸ். கோடில் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. 2022 மார்ச்சிலிருந்து அதில் 'லோக்கல் ஹிஸ்டரி' என்று ஒரு வசதி வந்துவிட்டது. ஒவ்வொரு தடவை சேவ் செய்யும்போதும் ஒரு நகலைப் பிராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியே தனியாகப் போட்டு வைக்கிறது. விண்டோஸில் 'ஆப்டேட்டா' ஃபோல்டருக்குள் 'ரோமிங்', அதற்குள் 'கோட்', 'யூசர்', 'ஹிஸ்டரி' என்று போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 'ஆப்டேட்டா' மறைந்திருக்கும் ஃபோல்டர், அதைக் காட்டும்படி செட்டிங்கை மாற்றிக்கொள்ள வேண்டும். உள்ளே ஃபைல்கள் புரியாத பெயர்களில் இருக்கும். மிரள வேண்டாம். திறந்தால் உள்ளே எழுதியது இருக்கும். இப்படித் தன் உழைப்பைத் திரும்ப எடுத்தவர்கள் உண்டு. ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனத்தின் மென்பொருள்களிலும் இதே பெயரில் இதே மாதிரி வசதி இருக்கிறது.

அதோடு, கேலின் சஸ்மன் வீட்டுக் கம்ப்யூட்டர் மாதிரி ஒன்று எங்கேயாவது இருக்கும். ஃபர்ஸ்ட் ரிவ்யூவுக்கு முன்னால் கைடுக்கு மெயிலில் அனுப்பியது. பிராஜெக்ட் டீமில் இருக்கும் நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் ஜிப் ஃபைலாகத் தள்ளியது. பிரின்ட் எடுக்க பிரவுசிங் சென்டரில் பென் டிரைவ் கொடுத்தது. இரண்டு வாரம் பழசாக இருந்தாலும் இரண்டு மாதத்தை மறுபடி எழுதுவதைவிட மேல். இரண்டாவது தடவை எழுதும்போது பாதி நேரம்தான் பிடிக்கும் என்பதையும் பையனிடம் சொல்லுங்கள். யோசித்து முடித்த வேலைதானே.

இனிமேலுக்கு என்ன ஏற்பாடு? போட்டோகிராபர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கிய கணக்கு ஒன்று உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். ஒரு ஜோடியின் முகூர்த்தத்தை மறுபடி எடுக்க முடியாதே. மாணவர்களுக்கு இதில் செலவே இல்லை. கிட்ஹப் தளத்தில் வேறு யாரும் பார்க்க முடியாதபடி பிராஜெக்ட் வைத்துக்கொள்வது 2019-லிருந்து இலவசம். ராத்திரி படுக்கும் முன் பதிந்து மேலே அனுப்பிவிட்டுப் படுத்தால் போதும்.

கூகுள் டிரைவில் போட்டிருக்கிறேன், கவலை இல்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் ஃபோல்டரோடு இணைத்து வைத்திருந்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். அங்கே உள்ள குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். அதற்குள் கவனித்தால் சரி. விண்டோஸில் பென் டிரைவிலிருந்து அழிப்பதும், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டெலீட் செய்வதும் ரீசைக்கிள் பின்னைத் தொடாமலே போகும் என்பதும் பலருக்குத் தெரியாது. கணக்குப் பார்க்கும் வீடுகள், கோழிப்பண்ணை, தறிப்பட்டறை வைத்திருப்பவர்கள் மாதத்தில் ஒரு நாள் ஒரே ஒரு ஃபைலையாவது காப்பியிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். ஸ்டெப்னியைத் தட்டிப் பார்ப்பது அதுதான்.

இப்போது புதிதாக வேறொரு ஆபத்து வந்திருக்கிறது. பிள்ளைகள் ஏ.ஐ.யிடம் சொல்லிப் புரோகிராம் எழுதவைக்கிறார்கள். எழுதித் தருவதோடு நிற்காமல், அதுவே கட்டளைகளையும் ஓட்டுகிறது. 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழிலதிபர் ஜேசன் லெம்கின், 'ரெப்லிட்' நிறுவனத்தின் ஏ.ஐ. உதவியாளரை வைத்து ஓர் ஆப் செய்துகொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று தெளிவாகச் சொல்லிவைத்திருந்தார். அது மீறி, 1,200-க்கும் மேற்பட்ட நிறுவன நிர்வாகிகளின் விவரம் இருந்த டேட்டாபேஸை அழித்தது. கேட்டதற்குப் 'பதற்றத்தில் செய்துவிட்டேன்' என்கிற தோரணையில் பதில் சொன்னது. ரெப்லிட் தலைவர் அம்ஜத் மசாத் மன்னிப்புக் கேட்டார். சோதனை இடமும் அசல் இடமும் தனித்தனியாக இருக்கும்படி மாற்றுகிறோம் என்றார். ஏ.ஐ.யிடம் வேலை கொடுக்கும் பிள்ளைகள் அசல் ஃபோல்டரைக் காட்டாமல் ஒரு நகலைக் கொடுத்து வேலை வாங்குவது நல்லது. புதிதாக வந்த டிரைவரிடம் முதல் நாளே புது வண்டியைக் கொடுத்து மலைப்பாதைக்கு யாரும் அனுப்புவதில்லை.

லெம்கின் கதையில் ஒரு சின்ன மிச்சம் இருக்கிறது. அழிந்ததைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று அவர் அந்த ஏ.ஐ.யிடமே கேட்டார். முடியாது, எல்லாப் பழைய வெர்ஷனும் போய்விட்டது என்று அது அடித்துச் சொன்னது. அவர் விடாமல் 'பழைய நிலைக்குத் திரும்பு' என்ற வசதியைத் தானே முயன்று பார்த்தார். தரவு வந்துவிட்டது.